பகுதி முழுமையிற் பெரிதாமோ?

முழுமை அதன் பகுதியிற் பெரிது என்பது யூக்கிளிட்டு வகுத்த பொதுக்கொள்கைகளுள் ஒன்று. இதனை நிறுவுதற்குச் சான்று எதுவும் வேண்டாமென்பது கணித நூலார் துணிபு. ஆயின், 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் பங்குச் சந்தை பல வாரங்கள் இவ்வுண்மைக்கு மாறாக ஒழுகியது. அஃது எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் நாம் அறியக்கிடப்பது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

திரீகொம் என்பது 1979ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அமெரிக்கக் கம்பனி. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளை ஆக்குதல் அதன் முதன்மைத் தொழில். கையடக்கக் கணினிகளை ஆக்கிய பாம் என்பது அதன் துணைக் கம்பனி. பாமைத் தனிக் கம்பனியாகப் பிரிக்கப்போவதாகத் திரீகொம் 1999 செப்டெம்பரில் அறிவித்தது. பாமின் பங்குகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 5ஐ முதலில் விற்பதும், எஞ்சிய 95ஐச் சில மாதங்களின் பின் தன் பங்குதாரர்க்கு விலையின்றிப் பகிர்ந்தளிப்பதுமே திட்டம். திரீகொம் பங்கு ஒன்று உடையார்க்குப் பாம் பங்கு ஏறத்தாழ ஒன்றரை கிடைக்குமெனக் கணிக்கப்பட்டது.

அக்காலம் தொழினுட்பக் கம்பனிகளின் பங்குகளை மக்கள் போட்டியிட்டு வாங்கிய காலம். முதலில் 14 முதல் 16 டொலரென மதிக்கப்பட்ட வெளியீட்டு விலை, ஊகவணிகத்தின் வேகத்தால் உயர்ந்து 38 டொலராயிற்று. மார்ச் 2ஆந் தேதி சந்தைக்கு வந்த பாம் பங்கு, ஒரு கட்டத்தில் 165 டொலரைத் தொட்டு, மாலையில் 95 டொலரில் நின்றது. அதே நாளில், முந்திய தினம் 104 டொலராயிருந்த திரீகொம் பங்கு ஏறத்தாழ 82 டொலராக வீழ்ந்தது.

இனிக் கணக்கை நோக்குவாம். ஒன்றரைப் பாம் பங்கின் விலை 142 டொலருக்கு மேல். அவ்வொன்றரைப் பங்கையும், அதனோடு திரீகொம்மின் ஏனைய தொழில்களையும், பங்கொன்றுக்கு ஏறத்தாழ 10 டொலர் வீதம் இருந்த காசு முதலியவற்றையும் தன்னுள் அடக்கிய திரீகொம் பங்கோ 82 டொலருக்கே விலைப்பட்டது. அவ்வாறாயின், பாம் நீங்கலாக எஞ்சிய திரீகொம்மின் பெறுமதி சுழியத்திற்கும் கீழே ஏறத்தாழ 2,200 கோடி டொலர் என்றாகின்றது. பங்குதாரரின் பொறுப்பு வரையறுக்கப்பட்டதாதலின் எப்பங்கின் பெறுமதியும் சுழியத்திற் குறைதல் இயலாது.

கணக்கறிந்தோர் இதனைத் திருத்தாமல் விட்டதேன்? திருத்தும் வழி ஒன்று உண்டு. பாம் பங்கைப் பிறரிடம் இரவலாகப் பெற்று உயர்ந்த விலைக்கு விற்று, அப்பணத்தாற் திரீகொம் பங்கை வாங்குதலே அவ்வழி. பகிர்ந்தளிக்கும் நாளிலே கிடைக்கும் பாம் பங்குகளால் இரவலைத் தீர்க்கலாம். ஆனால், சந்தைக்கு வந்த பங்குகள் நூற்றுக்கு 5 மாத்திரமே. ஆதலின் இரவல் பெறுதல் அரிதாயிற்று. பெறினும் அதற்கான செலவு மிகுந்தது. பிழையை அறிந்தோர் பலர் இருந்தும் அதனைத் திருத்தும் ஆற்றல் அவர்க்கு இல்லாது போயிற்று. பொருளியலறிஞராகிய ஓவன் லமொன்ற், றிச்சட் தேலர் என்போர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இரவல் தரக்கூடிய பங்குகள் பெருகப் பெருக இவ்வேறுபாடு சுருங்கி, மே மாதத்தில் நீங்கியது. யூலையிற் பாம் பங்குகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. 2001ஆம் ஆண்டின் முடிவில் அப்பங்கின் விலை 5 டொலருக்கும் கீழ் இறங்கியது.

பாமின் எதிர்காலத்தை முன்னறிதல் எவர்க்கும் அரிது. அதனை மிகையாக நம்பியோரை முற்றாகப் பழித்தல் தகாது. ஆயின், பாமை விரும்பியோர் திரீகொம் வாயிலாக அதனைக் குறைந்த விலைக்குப் பெற்றிருக்கலாம் என்பதற்கு எதிர்காலத்தை அறிதல் வேண்டா. பெருக்கலும் கழித்தலும் போதும். விலை என்பது பலரது விருப்பத்தின் அளவேயன்றிப் பெறுமதிக்குச் சான்றன்று. பிழையான விலையைத் திருத்த வல்லார்க்கு வழி அடைபட்டிருக்குங்கால், அவ்விலை நெடுநாள் நிலைத்தலுங் கூடும். சந்தையின் பேரொலிக்கிடையே தாமே ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பவரே இழப்பினின்றும் தம்மைக் காத்துக்கொள்ள வல்லவராவர்.