ஒரே எடை: ஒன்று மிதக்கும், ஒன்று மூழ்கும்!

ஸ்காட்லாந்தின் மிக நீளமான ஆறு டே. அங்கு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15ஆம் தேதி சால்மன் மீன்பிடிப் பருவம் தொடங்குகிறது. அப்போது ஆற்று நீர் பெரும்பாலும் 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிர்ந்திருக்கும். தூண்டிலுடன் வருபவர்கள் முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எவ்வளவு வேகமாக மூழ்கும் கயிறு தேவை?

இங்கே முள்ளில் புழுவைக் கோப்பதில்லை. இறகையும் நூலையும் கட்டிச் செய்த போலி இரையைப் பயன்படுத்துகிறார்கள். அது மிக இலேசானது. தனியாக வீசினால் தூரம் போகாது. ஆகவே, கனமான கயிற்றை வீசுகிறார்கள். அது இரையையும் இழுத்துச் செல்கிறது. நீருக்குள் இரை எந்த ஆழத்தில் நிற்கும் என்பதையும் பெரும்பாலும் கயிறே முடிவு செய்கிறது.

குளிர் எதை மாற்றுகிறது?

குளிர்ந்த நீர் அடர்த்தி மிகுந்தது, அதனால்தான் வேகமாக மூழ்கும் கயிறு தேவையோ என்று நீங்கள் நினைக்கலாம். அது காரணமல்ல. நீர் 15 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிரும்போது அதன் அடர்த்தி 0.1 விழுக்காடுகூட உயர்வதில்லை. பெரிதாக மாறுவது மீனின் நடத்தை.

சால்மன் குளிர் இரத்தப் பிராணி. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும், தசைகள் மந்தமாகும். மேலும், கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்ததும் அது இரை உண்பதை நிறுத்திவிடுகிறது. உடலில் சேமித்த கொழுப்பே அதற்கு ஆற்றல். பாறைகளும் கற்களும் நீரைத் தடுப்பதால் ஆற்றின் அடியில் நீரோட்டம் மெதுவாக இருக்கும். அங்கே தங்கினால் ஆற்றல் மிச்சம். மேலே மிதந்து போகும் இரைக்காக அது எழும்பி வருவது அரிது. எனவே, இரைதான் கீழே போக வேண்டும்.

அடர்த்தியே முக்கியம்

30 கிராம் எடையுள்ள இரு கயிறுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் மேற்பூச்சில் காற்று நிறைந்த நுண்ணிய கண்ணாடிக் குமிழ்கள் உள்ளன. அது தடிமனானது, நீரைவிட அடர்த்தி குறைந்தது, மிதக்கும். மற்றதன் பூச்சில் டங்ஸ்டன் தூள் கலந்துள்ளது. டங்ஸ்டனின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 19 மடங்கு. அதனால் அக்கயிறு மெல்லியதாக இருந்தும் அதே எடையைக் கொண்டிருக்கும், மூழ்கும். மெல்லியதாக இருப்பதால் நீரின் தடையும் அதற்குக் குறைவு.

ஒரு சிறு கணக்கு

'3ஆம் வகை' கயிறு வினாடிக்கு ஏறத்தாழ 3 அங்குலம், அதாவது 7.5 சென்டிமீட்டர் இறங்கும். '6ஆம் வகை' அதைப்போல் இரு மடங்கு வேகமாக, 15 சென்டிமீட்டர் இறங்கும். 1.5 மீட்டர் ஆழத்தை அடைய முதல் கயிற்றுக்கு 20 வினாடி தேவை. இரண்டாவதற்கு 10 வினாடி போதும். நீரோட்டம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால், அதற்குள் முதல் கயிறு 20 மீட்டரும் இரண்டாவது 10 மீட்டரும் அடித்துச் செல்லப்பட்டிருக்கும்.

இந்த வேகங்கள் அசையாத நீரில் கணக்கிடப்பட்டவை. ஓடும் ஆற்றில் கயிறு விறைப்பாக இழுபடும்போது நீரோட்டம் அதை மேலே தள்ளும். அதனால், ஆழமும் வேகமும் மிகுந்த இடத்தில் 6ஆம் வகையே உதவும். ஆழமற்ற, மெதுவாக ஓடும் இடத்திலோ அது அடியில் உள்ள கற்களில் சிக்கிக்கொள்ளும். நீர் சுமார் 10 டிகிரியைத் தாண்டியதும் மீன் சுறுசுறுப்பாகி மேலே வரத் தொடங்கும். அப்போது மிதக்கும் கயிறே போதும்.

ஆனால், மீன் சிக்கினாலும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் பிடிபடும் சால்மனை ஆற்றிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். 2023இல் பிரிட்டனின் சால்மன் மீன்கள் அழியும் ஆபத்தில் உள்ளவையாக அனைத்துலகச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆற்றின் அடியில் அது சிக்கனமாகச் சேமிக்கும் ஆற்றல், ஆண்டிறுதியில் முட்டையிடும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.