நாணயம் என்றொரு சொல், ஊரறிந்த ஒரு பேரேடு

"பசங்க எல்லாரும் கிரிப்டோ கிரிப்டோன்னு அலையறாங்க. அப்படின்னா என்னன்னு நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு கட்டுரை கொடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதிக் குப்பை கொட்டியவன் நான். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஆனால் எங்கள் வீட்டிலேயே இது பற்றி ஒரு பெரிய சண்டை நடந்து, அதற்கு நான் நாட்டாமை பண்ண வேண்டி வந்தது. அந்தத் தகுதி போதும் என்று துணிந்து எழுதுகிறேன்.

சண்டை இதுதான். பெஹாலாவில் பர்ணஸ்ரீ பக்கம் இருக்கிறாள் என் தங்கை. 2023-இல் அவளுக்குக் கண் ஆபரேஷன். அவள் மகன் அப்போது, "கையிலே காசே இல்லை மாமா" என்றான். புனேயில் இருக்கும் மாப்பிள்ளை, அதாவது தங்கை மகளின் கணவர், அறுபதாயிரம் ரூபாய் அனுப்பி வைத்தார். மறு வருஷம் பையன் கடனைத் திருப்பினான். பேங்க் வழியாக அல்ல. "நீங்களும் வச்சிருக்கீங்களே அத்தான்" என்று சொல்லி, ஈதர் என்னும் கிரிப்டோவாகவே அனுப்பிவிட்டான். மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? பணம் வந்த முகவரியைப் போட்டுப் பார்த்தார். பையனுடைய வரவு செலவு மொத்தமும் தேதிவாரியாகக் கண்முன்னே விரிந்தது. ஆபரேஷன் நடந்த மாதத்தில் அவனிடம் அந்த அறுபதாயிரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்திருக்கிறது.

பூஜை லீவில் எல்லோரும் பெஹாலா வீட்டில் கூடியிருந்தோம். தெருமுனைப் பந்தலில் டாக் முழங்க, உள்ளே இவர்கள் முழங்கினார்கள். "என் கணக்கைத் திருட்டுத்தனமா பார்த்திருக்கீங்க!" என்றான் பையன். "திருடலை தம்பி. திறந்து கிடந்த பேரேட்டைப் படிச்சேன்" என்றார் மாப்பிள்ளை. யார் சொன்னது சரி? அதைச் சொல்வதற்கு முன்னால் சில சொற்களைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் சொற்களிலிருந்துதான் பிறக்கிறது என்பது என் கட்சி.

தமிழில் 'நாணயம்' என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மையும்தான். 'அவர் நாணயமானவர்' என்று சொன்னால் அவரிடம் சில்லறை நிறைய இருக்கிறது என்றா பொருள்? சொன்ன தேதியில் கொடுப்பார் என்று பொருள். கிரிப்டோவை நம் பத்திரிகைகள் 'மறையாக்க நாணயம்' என்று மொழிபெயர்த்தபோது, இந்த இரண்டாவது அர்த்தமும் ஓசைப்படாமல் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் (அல்லது பலர்) வெளியிட்ட ஒன்பது பக்கக் கட்டுரையின் நோக்கமே வேறு. எந்த நாணயஸ்தரையும் நம்பாமல் பணம் கைமாற வழி உண்டா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நடுவில் வங்கி வேண்டாம். கணக்குப் பேரேட்டை ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் பிரதி எடுத்து வைத்திருக்கும். ஒருவர் பொய்க்கணக்கு எழுதினால் மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் ஏடு எழுதப்பட்டது. ஆளை நம்பாதே, கணக்கைச் சரிபார் என்பது அதன் சித்தாந்தம். அதற்குப் போய் நாம் வைத்த பெயர் நாணயம்!

பெயர்ச் சண்டை நமக்கு மட்டும் வந்ததல்ல. 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயின்காரர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். ஏட்டின் பக்கத்தைப் பெரிதாக்கலாமா கூடாதா என்பது தகராறு. பிரிந்து போனது பிட்காயின் கேஷ் ஆனது. 'எங்களுடையதுதான் அசல் பிட்காயின்' என்று அவர்கள் சொல்ல, 'அந்தப் பெயரைச் சொல்லி ஏமாற்றாதே' என்று இவர்கள் சொல்ல, பல வருஷம் ஓடியது. அசல் மிட்டாய்க்கடை, ஒரிஜினல் அசல் மிட்டாய்க்கடை கதைதான்.

நம் அரசாங்கமும் இந்தப் பெயரில் தடுமாறியது. 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தபோது 'மெய்நிகர் கரன்சி' என்றது. 2018 ஏப்ரல் 6 அன்று, இதில் ஈடுபடுகிறவர்களுக்கு வங்கிகள் சேவை செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகள் அமர்வின் சார்பில் அந்தத் தீர்ப்பை எழுதியவர் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். உலகம் முழுவதும் நீதிமன்றங்கள் இதற்கு விளக்கம் சொல்ல முயன்றதை அவர் யானையைத் தடவிப் பார்த்த குருடர்களுக்கு ஒப்பிட்டார். பணம் என்பார் சிலர், சரக்கு என்பார் சிலர், சொத்து என்பார் சிலர்; ஆளுக்கொரு காலைத்தான் பிடித்தார்கள். 2022 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்ற பெயரைச் சூட்டி, லாபத்தில் 30 சதவீதம் வரியும் போட்டார். 2022 ஜூலை முதல் கைமாறும் தொகையில் 1 சதவீதம் பிடித்தமும் வந்தது. கரன்சி என்றால் மத்திய வங்கி வெளியிட்டதுதான் கரன்சி என்பது அரசின் நிலை. (எங்கள் பையன் கடனை அடைத்தானே, அதுவும் சட்டத்தின் கண்ணில் ஒரு கைமாற்றம்தான். லாபம் இருந்தால் வரி உண்டு. இதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கு!)

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வங்காளத்தில் குடியிருப்பவர்களாக இருக்க முடியாது. 2013 ஏப்ரலில் சாரதா குழுமம் கவிழ்ந்து, லட்சக்கணக்கான ஏழைபாழைகளின் சேமிப்பு போனது நமக்குத் தெரியும். பத்திரிகைகள் அதைச் 'சிட் ஃபண்ட்' மோசடி என்றே எழுதின. உண்மையில் அது சீட்டே அல்ல. நம் ஊர்ச் சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, ஏலம் இருக்கிறது, யார் எடுத்தார்கள், தள்ளு எவ்வளவு என்று சீட்டுப் போட்ட அத்தனை பேருக்கும் தெரியும். சாரதா செய்தது பொதுமக்களிடம் முறைகேடாக டெபாசிட் வாங்கியது. ஆனாலும் அதற்குப் பிறகு பெஹாலாவில் என் தங்கை "மாசச் சீட்டு கட்டணும்" என்று பக்கத்து வீட்டு பௌதியிடம் சொன்னால் அவர் பதறிப் போவார். 'சிட்' என்பது வங்காளிக் காதில் 'சீட்' என்ற ஏமாற்றாகவே விழுகிறது. இந்த அவப்பெயரைப் போக்கவே 2019-இல் சீட்டுச் சட்டத்தைத் திருத்தி, 'சகோதர நிதி' என்ற பொருள்படும் மாற்றுப் பெயரையும் அனுமதித்தார்கள். தப்பு செய்தவன் ஒருவன், பெயர் மாற்றிக்கொண்டது இன்னொருவன்.

இனி 'வாலட்' என்ற சொல். பணப்பை என்று மொழிபெயர்க்கிறோம். அதற்குள் பணம் எதுவும் கிடையாது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். பணம் இருப்பதெல்லாம் பேரேட்டில்தான். வாலட்டில் இருப்பது ஒரு சாவி. அந்தச் சாவியை மனிதர் எழுதி வைத்துக்கொள்ளத் தோதாகப் பெரும்பாலும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களாகக் கொடுப்பார்கள். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்தவை. அந்தப் பன்னிரண்டும் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் சொந்தக்காரன். தொலைந்தால் புதுச் சாவி போட்டுத் தர மேனேஜர் கிடையாது. "ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து பேசுகிறோம், அந்தச் சொற்களைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும், பெட்டிச்சாவியைக் கேட்கிறான் என்று புரிந்துகொண்டு போனை வைத்துவிடுங்கள்.

ஆனால் நம் பிள்ளைகளில் பலர் சாவியைத் தாங்களே வைத்துக்கொள்வதில்லை. 'எக்ஸ்சேஞ்ச்' என்னும் நிறுவனத்தில் கணக்குத் திறந்து வாங்குகிறார்கள். அப்போது சாவி நிறுவனத்தின் கையில். பையன் திரையில் பார்ப்பது அந்த நிறுவனம் அவனுக்கு இவ்வளவு தர வேண்டும் என்ற பற்றுச்சீட்டு மாதிரிதான். யாரையும் நம்பவேண்டாம் என்று புறப்பட்ட சமாசாரம், சுற்றிச் சுற்றி ஒரு கம்பெனியை நம்புவதில் வந்து நின்றது.

அதற்கு உதாரணம் 2024 ஜூலை 18. வசீர்எக்ஸ் என்ற பெரிய இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர், நம் கணக்கில் சுமார் 2,000 கோடி ரூபாய், களவு போனது. பல பேர் கையெழுத்திட்டால்தான் திறக்கும் பெட்டி அது. பெட்டியின் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது லிமினல் என்ற நிறுவனம். ஓட்டை உங்கள் பக்கம்தான் என்று இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. நிறுவனம் யாருடையது என்பதிலேயே 2022-இல் பைனான்ஸ் என்ற உலகப் பெரும் எக்ஸ்சேஞ்சுக்கும் அவர்களுக்கும் வெளிப்படையாகத் தகராறு நடந்திருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டாக இந்தத் திருட்டை வடகொரியாவின் மேல் சுமத்தின. வாடிக்கையாளருக்குக் கணக்கு முடங்கியது. நஷ்டத்தை எல்லோர் தலையிலும் பங்கிடுவோம் என்ற யோசனை வந்தது. திருடு போகாத காசை வைத்திருந்தவர்கள், "என் பெட்டியில் திருடன் நுழையவே இல்லையே, நான் ஏன் கொடுக்கணும்?" என்றார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் சென்னையிலிருந்து பணம் கட்டிய ஒரு பெண்மணி நீதிமன்றம் போனார். 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற காசு 3,532.30 வாங்கியிருந்தார். களவு போனவை வேறு வகை. வழக்கெல்லாம் சிங்கப்பூரில்தான் என்றது நிறுவனத் தரப்பு. 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ கையில் தொட்டுப் பார்க்கும் பொருள் அல்ல, கரன்சியும் அல்ல. ஆனால் அது சொத்து. ஒருவர் அனுபவிக்கக்கூடியது, உடைமையாக வைக்கக்கூடியது, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கவும் கூடியது என்றார். அவருடைய சொத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தார். கணக்குப்பிள்ளையாகிய எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வெறும் கடன்காரன் என்றால் கம்பெனி கவிழ்ந்தால் வரிசையில் நிற்க வேண்டும். சொத்து, அதுவும் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்த சொத்து என்றால், 'இது என்னுடையது, எடு' என்று கேட்க இடமிருக்கிறது. ஒரு சொல்லால் வரும் வித்தியாசம்தான்.

இப்போது எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். 'கிரிப்டோ' என்றால் மறைவு என்று பொருள் என்பதால் எல்லாமே ரகசியம் என்று பையன் நினைத்திருந்தான். நேர்மாறு. பிட்காயினிலும் ஈதரிலும் மறைந்திருப்பது பெயர் மட்டுமே. வரவு செலவு முழுக்க ஊரறியக் கிடக்கிறது, என்றைக்கும் அழியாமல். பேரேட்டில் முகவரி என்ற நீண்ட எழுத்துக் கோவை இருக்கும்; அது யாருடையது என்று தெரிகிற வரைக்கும்தான் முகமூடி. ஒரு தடவை தெரிந்துவிட்டால் அந்த முகவரியில் அதுவரை செய்தது, இனிமேல் செய்வது இரண்டும் வெட்டவெளிச்சம். 2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 1,20,000 பிட்காயின் களவு போயிற்று. ஐந்தரை வருஷம் கழித்து, 2022 பிப்ரவரியில், பேரேட்டின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் நியூயார்க்கில் ஒரு தம்பதியைக் கைது செய்தார்கள். அதில் ஏறத்தாழ 94,000 காயின் பறிமுதலானது. ரூபாய் நோட்டாக இருந்தால் தடமாவது மண்ணாவது!

இந்தப் பக்கம் அரசாங்கமும் ஆளைக் கேட்கிறது. 2022 ஏப்ரலில் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர் விவரத்தையும் பரிவர்த்தனைகளையும் ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். ஆதார், பான் எல்லாம் அங்கே. வரவு செலவு இங்கே. இரண்டையும் சேர்த்தால், வங்கியில் ஒரு குமாஸ்தாவுக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய கணக்கு அதைவிட அதிகம் பேருக்குத் தெரிய வழியாகிறது.

எனவே என் தீர்ப்பு இப்படி. மாப்பிள்ளை திருடவில்லை. பையன் தானே சாவித்துளை வழியாக அல்ல, வாசற்கதவைத் திறந்து வைத்துக் காட்டியிருக்கிறான். ஆனால் திறந்திருந்தது என்பதற்காக உள்ளே போய் அலமாரி அலமாரியாகப் பார்த்ததும், பார்த்ததைப் பத்துப் பேர் நடுவில் வாசித்ததும் மரியாதை இல்லை. இதை நான் சொன்னதும் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பையன் மட்டும் விடவில்லை. "அப்போ நான் நஷ்டத்திலே இருந்தேன் மாமா. வித்தா பாதிதான் தேறும். அதான் இல்லைன்னு சொன்னேன்" என்றான்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் தங்கை, "இருக்கு, ஆனா விக்க மனசில்லைன்னு சொல்லியிருக்கலாமேடா. அதுக்கு ஒண்ணும் இங்கிலீஷ் வார்த்தை வேண்டாமே" என்றாள். உரித்த பட்டாணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சென்ற பொங்கலுக்கு மாப்பிள்ளை குடும்பத்தோடு வந்திருந்தார். பையன் புது வாலட் வைத்திருக்கிறானாம். அதன் முகவரியை யாரும் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை. கண்ணின் இரண்டாவது ஆபரேஷனுக்கு அவனே பணம் கட்டினான், வங்கி மூலமாக. ரசீதை அம்மாவின் சீட்டு நோட்டுக்குள் செருகி வைத்திருக்கிறான்.