குழந்தை மனசு - 9: வாய்விட்டு யோசிப்பவர்கள்

நாற்பத்து மூன்றில் பதினேழு போனால் மீதி எவ்வளவு? இந்தக் கணக்கை இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரத்தில் உதடு அசையத் தொடங்கும். “மூணுல ஏழு போகாது... பக்கத்துல கடன் வாங்கணும்... நாலு மூணாச்சு, இது பதிமூணாச்சு... பதிமூணுல ஏழு போனா...” இந்த இடத்தில் விரல்கள் மடங்கும். “ஆறு. மூணுல ஒண்ணு போனா ரெண்டு. இருபத்தாறு!”

இதையெல்லாம் அவள் யாரிடம் சொல்கிறாள்? உங்களிடம் இல்லை. உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “என்னம்மா சொல்றே?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பாள்.

வகுப்பறையில் இதற்குச் ‘சத்தம்’ என்று பெயர். “வாயை மூடிக்கிட்டுப் போடு”, “மனசுக்குள்ள போடு” என்று அடக்குவார்கள். வீட்டிலோ சிலருக்குக் கவலையே வந்துவிடுகிறது. தனியாகப் பேசுபவர்களைப் பற்றி நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

அமெரிக்காவில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த லாரா பெர்க் ஒரு கணக்குச் சொல்கிறார். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பேசுவதில் 20 முதல் 60 சதவீதம் வரை இந்த வகைப் பேச்சாக இருக்கலாமாம். அவ்வளவு பேச்சு எதற்காக? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருவர் முட்டிக்கொண்டார்கள். ஒருவர், போன வாரம் நாம் சந்தித்த ஜெனீவா உளவியலாளர் ழான் பியாஜே. மற்றவர் சோவியத் நாட்டு உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. பி.எட். படித்தவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுதியவர்களும் இந்த இரண்டு பெயர்களையும் இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்த இரண்டு மதிப்பெண்ணை மறந்துவிட்டு வாருங்கள்.

பியாஜே ஜெனீவாவில் ரூசோ நிறுவனத்தைச் சேர்ந்த சிறுவர் பள்ளியில், ஆறு வயதுப் பையன்கள் இருவர் பேசியதை ஏறத்தாழ ஒரு மாத காலம் ஒன்று விடாமல் எழுதி வைக்கச் செய்தார். பிறகு வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தார். இருவர் பேச்சிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி யாருக்கும் சொல்லப்பட்டதாகவே தெரியவில்லை. கேட்பவர் கேட்கிறாரா, புரிந்துகொண்டாரா என்பதைப் பற்றிப் பையனுக்கு அக்கறையே இல்லை. 1923-இல் வெளியான தம் முதல் உளவியல் நூலில் பியாஜே இதைத் தன்மையப் பேச்சு என்று அழைத்தார். அடுத்தவர் கண்ணால் பார்க்கத் தெரியாத வயது. அதனால்தான் இப்படிப் பேசுகிறார்கள். பிறரோடு பழகப் பழக இது தானாக உதிர்ந்துபோகும் என்பது அவர் முடிவு. அதாவது முதிராத சிந்தனையின் அடையாளம், அவ்வளவுதான். (புத்தகத்தில் அந்தப் பையன்களில் ஒருவனுக்குப் பெயர் லெவ். பியாஜேயை மறுக்க வந்தவரின் பெயரும் அதுவே!)

வைகாட்ஸ்கியும் பியாஜேயும் ஒரே ஆண்டில், 1896-இல் பிறந்தவர்கள். இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. கோமெல் என்ற சிறு நகரத்தில் ஆசிரியராக இருந்த வைகாட்ஸ்கி 1924-இல் மாஸ்கோவுக்கு வந்தார். அதற்குப் பின் அவருக்குக் கிடைத்தது பத்தே ஆண்டுகள். காசநோய் 37 வயதில் கொண்டுபோய்விட்டது. அந்தப் பத்து ஆண்டுக்குள் அவர் செய்த வேலைகளில் ஒன்று, பியாஜேயின் பையன்களுக்கு நடந்ததைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தது.

மாற்றம் எளிமையானதுதான். படம் வரையும் பிள்ளைக்கு வேண்டுமென்றே இடைஞ்சல் செய்வது. தாள் இருக்கும், பென்சில் இருக்காது. அல்லது வேண்டிய வண்ணம் மட்டும் காணாமல் போயிருக்கும். இடைஞ்சல் வந்ததும் தனக்குத்தானே பேசும் பேச்சு ஏறக்குறைய இரு மடங்கானது. பென்சில் எங்கே, இப்போது என்ன செய்வது, நீலம் இல்லாவிட்டால் சிவப்பில் தீட்டித் தண்ணீர் தொட்டால் நீலம் மாதிரி ஆகிவிடும் என்கிற ரீதியில் போகிறது அந்தப் பேச்சு. பேசுவது அறியாமையால் என்றால், பென்சில் காணாமல் போகும் அந்த நிமிடத்தில் மட்டும் அறியாமை எப்படிக் கூடும்?

ஐந்தரை வயதுப் பையன் ஒருவன் டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தான். சக்கரம் போடும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. அழுத்திப் பார்த்தான், தாளில் பள்ளம்தான் விழுந்தது. “உடைஞ்சிருக்கு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். பென்சிலை வைத்துவிட்டு வண்ணத்தை எடுத்தான். அதன்பிறகு அவன் வரைந்தது விபத்தில் உடைந்துபோன டிராம் வண்டி! படம் மாறியதற்கேற்பக் கதையும் தனக்குள் பேசியபடியே மாறியது. பென்சிலுக்காகத் தற்செயலாக வாயில் வந்த ஒரு சொல், படத்தின் திசையையே திருப்பிவிட்டது. மனோதத்துவ நூல்களில் வரும் பரிசோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒடிந்த பென்சில்தான்.

வைகாட்ஸ்கி இன்னொன்றையும் செய்தார். காது கேளாத பிள்ளைகளுக்கு நடுவிலும், வேற்று மொழி பேசும் பிள்ளைகளுக்கு நடுவிலும் இந்தப் பிள்ளைகளை உட்கார வைத்தார். தனக்குத்தானே பேசும் பேச்சு சட்டென்று வற்றியது. பலரிடம் நின்றே போனது. யாரும் கேட்க வேண்டாத பேச்சு என்றால், கேட்க ஆளில்லாத இடத்தில் அது ஏன் நிற்க வேண்டும்? இந்தப் பேச்சு பிறரோடு பேசும் பேச்சிலிருந்து கிளைத்தது, இன்னும் முழுவதும் பிரியவில்லை என்பது வைகாட்ஸ்கியின் பதில். முதலில் பிறரோடு பேச்சு, பிறகு தன்னோடு சத்தமாகப் பேச்சு, அப்புறம் முணுமுணுப்பு, கடைசியில் உதடு அசையாத உள்பேச்சு. அது உதிர்வதில்லை, உள்ளே போகிறது. நீங்களும் நானும் ‘யோசிக்கிறேன்’ என்று சொல்வதில் பெரும்பகுதி அதுவே.

சின்னப் பிள்ளை படம் வரைவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூன்று வயதில் கிறுக்கி முடித்துவிட்டு, பார்த்துவிட்டு, “இது யானை” என்பான். கொஞ்சம் வளர்ந்தால் பாதியிலேயே “யானை போடறேன்” என்று தெரிந்துவிடும். அதற்கும் பிறகு, முதலில் “யானை” என்று சொல்லிவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவான். செயலுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சொல் முன்னால் வந்து நிற்கிறது. திட்டமிடுவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

வைகாட்ஸ்கி இறந்த 1934-ஆம் ஆண்டிலேயே அவரது ‘சிந்தனையும் மொழியும்’ வெளிவந்தது. இரண்டே ஆண்டில் சோவியத் அரசின் கொள்கை மாறி, அவர் எழுத்துகள் ஓரங்கட்டப்பட்டன. ஆங்கிலத்துக்கு அந்த நூல் வந்தது 1962-இல். அதைப் படித்த பியாஜே, இவ்வளவு காலம் கழித்துத் தெரிந்துகொள்ள நேர்ந்ததற்கு வருந்தி எழுதினார். பல இடங்களில் வைகாட்ஸ்கி சொன்னதை ஏற்றுக்கொள்ளவும் செய்தார். அறிஞர்களிடம் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத குணம் இது.

மறுபடி நம் கழித்தல் கணக்குக்கு வருவோம். ‘கடன் வாங்கணும்’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. அது டீச்சரின் சொல். பக்கத்துத் தெருப் பள்ளியில் “பக்கத்து வீட்டுக்குப் போ” என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அங்கே படிக்கும் பையன் அப்படித்தான் முணுமுணுப்பான். கூட்டலில் “எட்டு மனசுல, அஞ்சு கையில” என்பதும் இப்படியே. முணுமுணுப்பைக் காதுகொடுத்துக் கேட்டால், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதே தெரிந்துவிடும். நேற்று டீச்சர் வாயில் இருந்தது இன்று பிள்ளை வாயில். அடுத்த வருஷம் அது வெளியே கேட்காது.

அப்படியென்றால் கையோடு இன்னொன்றும் உள்ளே போகும் என்பது என் ஊகம். கணக்குத் தப்பாகும் ஒவ்வொரு முறையும் “உனக்கு மண்டையில ஏறாது” என்ற சொல்லையே கேட்டு வளரும் பிள்ளை, அடுத்த கணக்கின் நடுவில் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்ளும்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சத்தம் போட்டு ஒப்பிப்பதும் இதுவும் ஒன்றல்ல. வாய்ப்பாட்டைக் கோரஸாகச் சொல்லும்போது சொல்லுக்கும் கையிலிருக்கும் வேலைக்கும் தொடர்பு கிடையாது; நாளைக்கும் அதே சொற்கள்தாம். முணுமுணுப்பு வேலைக்கு ஏற்ப நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எளிய கணக்கில் குறைவாகவே வரும், எட்டவே எட்டாத கணக்கிலும் அப்படித்தான். கஷ்டப்பட்டு முயன்றால் முடியும் என்கிற கணக்கில்தான் அதிகம் வரும்.

ஆசிரியர்கள் இதைத் தவறாகப் படிப்பதற்குக் காரணமும் இதுவே. கஷ்டமான கணக்கில் முணுமுணுப்பு அதிகம். அதே கணக்கில் தப்பும் அதிகம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் டீச்சர், முணுமுணுக்கிற பிள்ளை மக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார். பெர்க்கும் அவருடைய மாணவரும் ஒரே பிள்ளைகளை ஆண்டுதோறும் பின்தொடர்ந்தபோது வேறு செய்தி கிடைத்தது. முதல் வகுப்பில் வேலையோடு ஒட்டி முணுமுணுத்த பிள்ளைகள், பின்னர் கணக்கில் நன்றாக முன்னேறினார்கள். 1968-இல் லாரன்ஸ் கோல்பெர்க் குழுவினர் கண்டது இன்னும் சுவாரசியம்: சூட்டிகையான பிள்ளைகளிடம் இந்தப் பேச்சு நாலு வயதிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறது, மற்றவர்களிடம் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. வகுப்பில் இங்கிலீஷில் மட்டுமே பேச வேண்டும் என்று சட்டம் போட்டு, தமிழில் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகள் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை எந்த மொழியில் முணுமுணுக்கும்? “த்ரீயில செவன் போகாது, பாரோ பண்ணணும்” என்றுதான். அதையும் தப்பு என்று வாயை அடைத்தால் அடைபடுவது தமிழ் மட்டுமில்லை, கழித்தலும்தான். இது மொழிப்பற்றில் சொல்வது அல்ல.

சரி, பெரியவர்கள் என்ன சொல்லிக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது? இதற்கு மிகத் துல்லியமான பதிலை மரக்கட்டைகளை வைத்துச் சொன்னவர் டேவிட் உட். ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் இருவரோடு சேர்ந்து அவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், 21 கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திக் கோபுரம் கட்ட வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். தனியாக விட்டால் சின்னவர்களால் முடியாது. ராஸ் பக்கத்தில் உட்கார்ந்து உதவினார். மூன்று வயதுக்காரர்களிடம் வாயால் சொன்னது எடுபடவில்லை. செய்து காட்டி வேலைக்குள் இழுக்க வேண்டியிருந்தது. நான்கு வயதில் வாய்ச்சொல்லால் திருத்தினாலே போதும். ஐந்து வயதுக்காரர்களுக்கு, ‘சரிதானே?’ என்று பார்க்கும்போது தலையாட்ட ஒருவர் இருந்தால் போதும். இந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கட்டடம் எழும்பும்வரை கட்டி, எழும்ப எழும்பப் பிரித்துவிடுகிற அதே சாரம்.

உட் வேறோர் ஆய்வில், தாய்மார்கள் இதே கோபுரத்தைச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து உதவியை ஐந்து படியாகப் பிரித்தார். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி வரும். “அடுத்து என்ன பண்ணலாம்?” இது முதல் படி. “பெரிய கட்டையா ஒண்ணு எடு” இரண்டாவது. “இதோ, இது” என்று தொட்டுக் காட்டுவது மூன்றாவது. கட்டையைத் திருப்பி, குழி மேலே வருமாறு வைத்துவிட்டு, “இப்ப வை” என்பது நான்காவது. “நான் பண்றேன் பாரு” என்று தானே பொருத்திக் காட்டுவது ஐந்தாவது. பிள்ளை தடுமாறினால் ஒரு படி ஏறுங்கள். சரியாகச் செய்துவிட்டால் உடனே ஒரு படி இறங்குங்கள். இதுதான் மொத்த விதியும். எப்போதும் செய்து காட்டியே சொல்லிக் கொடுத்த முறை, எப்போதும் வாயாலேயே சொன்ன முறை இரண்டையும்விட, இப்படி ஏறி இறங்கும் முறையில் படித்த பிள்ளைகளே பிறகு தனியாக நன்றாகக் கட்டினார்கள்.

விதி எளிது, நடப்பது அரிது. காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது யாரும் முதல் படியில் நிற்பதில்லை. ஷூ லேஸை நாமே கட்டிவிடுகிறோம். அது இருக்கட்டும். மாலையில் ஹோம்வொர்க்கையும் டியூஷனையும் நாம் ஐந்தாவது படியிலேயே தொடங்கி, அங்கேயே முடிக்கிறோம். டியூஷனுக்குப் போகும் பிள்ளை வீட்டில் அதே கணக்கில் திணறுவதற்கு, பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு நாள், உங்கள் வீட்டுப் பிள்ளை கணக்குப் போடும்போதோ கட்டை அடுக்கும்போதோ பத்து நிமிடம் பேசாமல் பக்கத்தில் இருந்து, வாயில் வருவதை வந்தபடியே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்திருந்தால் அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம். பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர் வேண்டாம். வயதும் வகுப்பும் போதும். பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம்: பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்கள். பத்துத் தேங்காயின் விலையை மனக்கணக்காகச் சரியாகச் சொன்னவர்கள், அதே கணக்கைத் தாளில் கொடுத்ததும் ஏன் தடுமாறினார்கள்?