கல்லூரிக்கு முன்பே பொறியியல்

பிளஸ் டூ முடித்துக் கல்வி உதவி கேட்டு வரும் பிள்ளைகளிடம், "பொறியியல் என்றால் என்ன வேலை, தெரியுமா?" என்று நாங்கள் கேட்பது வழக்கம். பெரும்பாலோர் பதிலுக்குத் தகப்பனார் முகத்தைப் பார்ப்பார்கள். நான்கு ஆண்டுகளையும் வீட்டு நகையையும் கேட்கும் படிப்பு, அப்படித்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் டல்லாஸ் நகரிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் 1999-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென 'இன்ஃபினிட்டி புராஜெக்ட்' என்ற பாடத்திட்டத்தைத் தொடங்கியது. அதன் பாடநூலில் பொறியியல் அறிமுகத்துக்கு அடுத்த அத்தியாயமே டிஜிட்டல் இசைதான்.

நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் சைன் இங்கே காதில் கேட்கிறது. நொடிக்கு 440 முறை ஏறி இறங்கும் சைன் அலையை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் ஒரு சுரம். இரட்டித்து 880 ஆக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில். தனி அலை விசில்போல வறண்டு ஒலிக்கும். அதோடு 880, 1320 அலைகளைச் சற்றுக் குறைந்த உயரத்தில் கூட்டினால் ஒரு கருவியின் சாயல் வந்துவிடும். எல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான்.

ஆனால் பொறியியல் இனிமேல்தான். ஒலியைக் கணினி நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக எழுத வேண்டும்? குறுந்தகட்டில் 44,100 முறை. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்று. அப்படி எழுதினால் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். வழக்கமான டிஜிட்டல் தொலைபேசி இணைப்புக்கு 8,000 முறை போதும் என்று வைத்தார்கள். அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் வராது. போனில் 'எஸ்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் 'எஃப்' என்று எழுதிக்கொள்வது இதனால்தான். தரம் கூட்டினால் இடமும் செலவும் கூடும். எங்கே நிறுத்துவது என்று காரணத்தோடு முடிவெடுப்பதே பொறியாளரின் வேலை. சூத்திரத்தை ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்த முடிவெடுக்கும் பழக்கத்தை நம் வகுப்பறைகள் அதிகம் தருவதில்லை என்பது எங்கள் கருத்து.

இசை என்றதும் சில வீடுகளில் தயக்கம் எழும் என்பதை அறிவோம். அந்த மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் நாம் கேட்கும் கிராஅத்துக்கும் கணக்கு இதுவே. பாடத்தை அதிலிருந்தும் தொடங்கலாம்.

வீட்டில் கணினி இருந்தால் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் 440, 880, 1320 அலைகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் உயரத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்துக் கேட்கலாம். மூன்றையும் முழு உயரத்தில் வைத்தால் ஒலி கரகரக்கும். ஏன் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அதைத் தோண்டிப் பார்க்கிறதா, அலுத்து எழுந்துவிடுகிறதா என்பதைக் கவுன்சலிங் விண்ணப்பம் நிரப்பும் முன் கவனியுங்கள்.