போசரியில் சேரும் காசு எங்கே போய்ச் சேருகிறது?

புணேயை அடுத்த போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் பெரும்பாலான பட்டறைகளில் சம்பளம் ஏழாம் தேதிக்குள் கணக்கில் ஏறிவிடும். அன்று இரவே ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு தொகை போகும். மறுநாள் வாடகை, அதற்கடுத்த நாள் கிரானா கடைக்காரரின் நோட்டுப் பாக்கி, பத்தாம் தேதி சீட்டு. மிச்சத்தில் பிள்ளைகளின் டியூஷன், கேஸ் சிலிண்டர், வண்டிக்குப் பெட்ரோல், இருபதாம் தேதிக்கு மேல் கைமாற்று. லேத்திலும் பிரஸ் ஷாப்பிலும் பவுடர் கோட்டிங்கிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் மாதம் ஏறக்குறைய இப்படித்தான் நகர்கிறது.

இவர்களிடம் போய் டீயைக் குறையுங்கள், சினிமாவைக் குறையுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. குறைக்கக்கூடியதை எப்போதோ குறைத்துவிட்டார்கள். ஒரே அறையில் ஐந்து பேர், ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பாடு. இதற்கு மேல் சிக்கனத்தை யாரும் கற்றுத்தர முடியாது. காசு கசிவது வேறு இடத்தில். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் யாருடைய கையில் இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு, அவசரத்துக்கு அதை எடுத்தால் என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்காத இடத்தில்தான் கசிகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

சீட்டிலிருந்தே தொடங்கலாம். நம் ஆட்கள் ஏலச்சீட்டு என்பதைப் பக்கத்து வீட்டு மராத்தியர்கள் பிஷி என்கிறார்கள். ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், சீட்டுத் தொகை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாதம் ஒருவருக்குத் தங்கை கல்யாணம். ஏலத்தில் 30,000 தள்ளி 70,000 எடுக்கிறார். தள்ளிய 30,000-ல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக 25,000 ரூபாயை இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250 கழிவு. அந்த மாதம் எல்லோரும் 3,750 கட்டினால் போதும். மாதங்கள் போகப்போக அவசரக்காரர்கள் குறைவார்கள், தள்ளுபடியும் குறையும். கடைசி மாதம் கமிஷன் 5,000 மட்டும் கழிந்து 95,000 கிடைக்கும்.

எழுபதாயிரம் எடுத்தவர் எவ்வளவு வட்டி கட்டுகிறார்? சீட்டு எடுத்த மகிழ்ச்சியில் யாரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. முதல் மூன்று மாதம் அவரே கட்டியது 11,250. அதைக் கழித்தால் உண்மையில் அவர் கடனாக வாங்கியது 58,750 ரூபாய்தான். கழிவு படிப்படியாகக் குறைந்து முடிகிற வழக்கமான சீட்டில் மீதிப் பதினேழு மாதமும் சராசரியாக 4,400 கட்டுவார். மொத்தம் 74,800. வட்டி மட்டும் 16,050. தவணை தவணையாகக் கடன் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் இது மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குச் சற்றுக் குறைவு. ஊரில் மூணு வட்டிக்குக் கடன் வாங்கியவரைப் பார்த்து “ஐயோ பாவம்” என்போம். சீட்டை முன்னால் எடுப்பவர் அதே விலையைத்தான் கொடுக்கிறார், பெயர் மட்டும் வேறு.

கடைசி வரை பொறுத்திருப்பவரின் கணக்கு நேர் எதிர். இருபது மாதத்தில் அவர் கட்டியது சுமார் 86,000, கையில் வாங்குவது 95,000. ஆண்டுக்குப் பதின்மூன்று சதவீதம் போல வருகிறது. தபால் நிலையத் தொடர் வைப்புக்கு இப்போது கிடைப்பது 6.7 சதவீதம். சீட்டு கெட்டது என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாததற்கு இதுதான் காரணம். கடைசியில் எடுப்பவருக்கு அது நல்ல சேமிப்பு, முன்னால் எடுப்பவருக்கு விலை உயர்ந்த கடன்.

அப்படியானால் தங்கை கல்யாணத்துக்கு என்ன செய்வது? வீட்டில் நகை இருந்தால் அதை வங்கியில் வைப்பதே மேல் என்று அழுத்திச் சொல்வேன். பொதுத்துறை வங்கிகளில் நகைக்கடனுக்கு மாதம் ஒரு வட்டிக்கும் குறைவு. 2025-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். ஆனால் நம் வீடுகளில் தாலிச் சங்கிலியை அடகு வைப்பது அவமானம், சீட்டு எடுப்பது கௌரவம். அந்தக் கௌரவத்துக்கு மாதம் இரண்டு வட்டி கூடுதலாகக் கொடுக்கிறோம். நகையை வைத்து அவசரத்தைச் சமாளித்துவிட்டு, சீட்டைக் கடைசிக்கு விட்டு, வரும் மொத்தத் தொகையில் நகையை மீட்கும் குடும்பம்தான் இரண்டு பக்கமும் ஜெயிக்கிறது.

அடுத்தது பொறுப்பு. 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் அரசிடம் முன் அனுமதி பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் காட்ட வேண்டும். 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் ஏழு சதவீதம் வரை போகலாம். பதிவில்லாத சீட்டு நடத்துவது குற்றம். லாண்டேவாடியிலோ திகி ரோட்டிலோ ஒரு அண்ணனோ அக்காவோ நடத்தும் சீட்டில் இந்தப் பிணை எதுவும் கிடையாது. அவருடைய நாணயம் மட்டுமே பிணை. பல ஆண்டுகள் நாணயமாக நடத்தியவர்களும் உண்டு. ஆனால் அவருக்கே ஒரு மாரடைப்பு வந்தால், சீட்டு எடுத்த இரண்டு பேர் வேலை போய் ஊருக்குத் திரும்பிவிட்டால், மீதிப் பேர் எந்தக் கதவைத் தட்டுவது? ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் பணம் முடங்கும் சீட்டாக இருந்தால் பதிவு எண் கேட்பதில் தப்பில்லை. கேட்டதற்குக் கோபித்துக்கொள்பவரிடம் கட்டாமல் இருப்பது நல்லது.

சீட்டுதான் ஆபத்து, பேங்க் என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்குப் புணே சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. 1912-ல் தொடங்கிய ரூபி கோஆபரேட்டிவ் பேங்க் இந்த நகரத்தின் பழைய பெயர்களில் ஒன்று. 2013 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அதன்மேல் கட்டுப்பாடு விதித்தது. உரிமம் ரத்தானது 2022-ல். இடையே ஒன்பது ஆண்டுகள் வைப்பாளர்கள் தங்கள் பணத்துக்காகவே அலைந்தார்கள். சிவாஜிராவ் போஸ்லே சஹகாரி பேங்கின் உரிமம் 2021 மே மாதம் போனது. போசரிக்குப் பக்கத்திலேயே, பிம்பிரியில் வேரூன்றிய சேவா விகாஸ் கோஆபரேட்டிவ் பேங்க் 2022 அக்டோபரில் உரிமத்தை இழந்தது.

இப்படி நடக்கும்போது காப்பது வைப்புக் காப்பீடு. 1960-ல் கேரளத்தின் பாலா சென்ட்ரல் பேங்க் விழுந்த அதிர்ச்சிக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. 1993 முதல் ஒரு லட்சமாக இருந்த வரம்பு, 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சம். அசலும் வட்டியும் சேர்த்து, ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் பெயரில் இருப்பதைக் கூட்டி ஐந்து லட்சம். 2021-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, கட்டுப்பாடு விதித்த 90 நாளுக்குள் இந்தத் தொகை வந்தாக வேண்டும். ரூபி பேங்கின் சிறு வைப்பாளர்களுக்குக் கடைசியில் பணம் கிடைத்ததும் இந்தத் திருத்தத்தால்தான்.

மகாராஷ்டிரத்தில் வாழும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று இதில் இருக்கிறது. இங்கே தெருவுக்குத் தெரு பத்சன்ஸ்தா என்ற கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உண்டு. கடைக்குக் கடை வந்து தினம் ஐம்பது, நூறு என்று வசூலித்துப் போகும் ஏஜெண்டுகள் பலர் அவற்றின் ஆட்கள். பிக்மி என்ற அந்தத் தினசரிச் சேமிப்பு, 1928-ல் உடுப்பியில் பின்னாளைய சிண்டிகேட் பேங்க் தொடங்கி வைத்த அருமையான யோசனை. தள்ளுவண்டிக்காரருக்கும் இட்லிக் கடை அக்காவுக்கும் அதைவிட வசதியான சேமிப்பு இல்லை. ஆனால் பத்சன்ஸ்தாவில் போடும் பணத்துக்கு ஐந்து லட்சக் காப்பீடு கிடையாது. கவுண்டர், பாஸ்புக், வட்டிப் பலகை எல்லாம் வங்கியைப் போலவே இருந்தாலும் அது வங்கி அல்ல. போர்டைப் பாருங்கள். பெயரில் “பேங்க்” என்று போட்டுக்கொள்ளக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. அரை சதவீதம், ஒரு சதவீதம் வட்டி கூடுதல் என்பதற்காக மகள் கல்யாணப் பணத்தை அங்கே மொத்தமாகப் போடாதீர்கள். தினசரி சேர்வதை மாதக் கடைசியில் எடுத்து, காப்பீடு உள்ள வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ மாற்றிவிடலாம்.

தபால் நிலையத்தில் மாதம் 1,000 போட்டால் ஐந்தாண்டில் கட்டிய 60,000 சுமார் 71,300 ஆகும். பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, ஆனால் பின்னால் நிற்பது மத்திய அரசு. ஊர்ச் செலவுக்கென்றே இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்வது வெளியூர்த் தமிழர்களுக்கு மிகவும் தேவை. காதுகுத்து, புதுமனை புகுவிழா, தாய்மாமன் சீர், மொய் என்று ஊரிலிருந்து வரும் அழைப்புதான் இங்குள்ள பட்ஜெட்டைக் கவிழ்க்கிறது. அது திடீர்ச் செலவு அல்ல. அக்கா மகளுக்கு எப்போது சடங்கு வரும், தம்பிக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று ஓரளவு தெரிந்ததுதான். ரயில் டிக்கெட்டும் அப்படியே. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு எடுக்காத கோயம்புத்தூர் டிக்கெட், தத்காலிலோ ஆம்னி பஸ்ஸிலோ இரட்டிப்பாகிவிடும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவதும் ஒரு கசிவுதான். 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்கு மாதம் 150 பிடிக்கிறார்கள், முதலாளி 650 போடுகிறார். சிஞ்ச்வட் மோகன் நகரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. இருந்தும் கூட்டத்துக்கும் அலைச்சலுக்கும் பயந்து தனியார் நர்சிங் ஹோமில் 40,000 கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். காய்ச்சலுக்கு அங்கே நிற்க முடியாது என்பது நியாயம். அறுவை சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் நின்றே ஆக வேண்டும். நோயில் படுத்துவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு என்பது, அதற்கான தகுதி உள்ளவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

ரேஷனும் அப்படித்தான். தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையில் பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்று அச்சிட்டிருந்தால், “ஒரே நாடு ஒரே ரேஷன்” திட்டத்தில் போசரிக் கடையிலேயே விரலை வைத்து, மாதம் பி.எச்.எச். அட்டைக்கு ஆளுக்கு ஐந்து கிலோ, ஏ.ஏ.ஒய். அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ தானியத்தை இலவசமாக வாங்கலாம். ஊரில் இருப்பவர்கள் தங்கள் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். என்.பி.எச்.எச். அட்டைக்கு இது பொருந்தாது. அது தமிழ்நாடு அரசு தன் செலவில் கொடுக்கும் அரிசி, மாநில எல்லையைத் தாண்டாது. பருப்பும் பாமாயிலும் எந்த அட்டைக்கும் இங்கே வராது.

என்னை மிகவும் வருத்தும் கசிவு வருங்கால வைப்பு நிதியில் நடக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரைப் பதினோரு மாதத்தில் நிறுத்தி வேறு ஏஜென்சி பெயரில் சேர்ப்பது இந்தப் பகுதியில் புதிதல்ல. ஒவ்வொரு முறையும் பழைய பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதில் எடுக்கும் 30,000 ரூபாயை அப்படியே விட்டிருந்தால், இப்போதைய 8.25 சதவீதம் தொடர்ந்தால், ஐம்பத்தைந்து வயதில் மூன்று லட்சத்தைத் தாண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஓய்வூதியம். அதற்குப் பத்தாண்டு சேவை வேண்டும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரையிலான சேவைக் கணக்கு அழிந்துபோகும். எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரே யு.ஏ.என். எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்கச் சொன்னால், இரண்டிரண்டு ஆண்டாக ஐந்து இடத்தில் பார்த்த வேலையும் பத்தாண்டாகக் கூடும். வேலையில் சேரும் நாளில் எச்.ஆர். மேசையில் புது எண் போட்டுவிடுவார்கள், விடக்கூடாது.

கம்பெனி மாறும்போது சம்பளக் கணக்கும் மாறும். பழைய வங்கியில் எடுத்த இரண்டு காப்பீடுகள் அங்கேயே அநாதையாகும். பிரதமர் ஜீவன் ஜோதி ஆண்டுக்கு 436 ரூபாய், சுரக்ஷா 20 ரூபாய். முதலாவதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும், இரண்டாவதில் விபத்தில் இறந்தால், குடும்பத்துக்கு இரண்டு லட்சம் வீதம் கிடைக்கும். பிரஸ் மெஷினும் நாசிக் நெடுஞ்சாலையும் தினசரி வாழ்க்கையாக இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-ல் தொடங்குவதால் மே மாதக் கடைசியில் பிரீமியம் பிடிப்பார்கள். அன்று அந்தப் பழைய கணக்கில் 456 ரூபாய் இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும், இறந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவரும். இப்போது சம்பளம் ஏறும் கணக்குக்கே இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். வாரிசுதாரர் பெயராகக் கல்யாணத்துக்கு முன் கொடுத்த அப்பாவின் பெயரே இருந்தால், அதே கையோடு மனைவியின் பெயரையும் எழுதிவிட்டு வாருங்கள்.