மைசூர்ப் பாறையில் லித்தியம்: இருப்பு வேறு, வரத்து வேறு

ஊட்டியிலிருந்து முதுமலை, பந்திப்பூர் காடுகளைக் கடந்து வரும் சாலை மைசூர்ப் பீடபூமியில் வந்து சேரும் இடம் குண்டலுபேட்டை. இந்த ஊரையும் அதன் வடக்கே விரிந்து கிடக்கும் நிலத்தையும் தாங்குவது தார்வார் பாறைத்தளம். இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று. ஊருக்கு மேற்கே உள்ள சர்கூரின் பெயரை ஏற்ற பாறைத்தொகுதிக்கு வயது 300 கோடி ஆண்டுகளுக்கு மேல். செல்போனுக்கும் மின்வாகனத்துக்கும் தேவைப்படும் அரிய உலோகங்களை இந்த வட்டாரத்தில் தேடுவதற்கு அந்த முதுமையே காரணம்.

இங்கே உலோகம் சேர்ந்த வழிகள் இரண்டு. பூமியின் ஆழத்திலிருந்து மேலேறிய, மக்னீசியம் மிகுந்த குழம்பு ஒருவகை. குரோமியம், நிக்கல், வனேடியம் முதலியவை இவ்வகைப் பாறைகளைச் சார்ந்தவை. மைசூருக்கு அருகே சிந்துவள்ளியிலும் ஹாசன் மாவட்டம் பைராபுரத்திலும் குரோமைட் வெட்டியெடுக்கப்பட்டது இதனால்தான்.

லித்தியத்தின் கதை வேறு. கிரானைட் குழம்பு ஆறும்போது குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் முதலில் படிகமாகின்றன. லித்தியம், பெரிலியம், டான்டலம், நியோபியம் ஆகியவற்றின் அயனிகள் அந்தப் படிகக் கட்டமைப்பில் எளிதில் பொருந்துவதில்லை. முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் போல அவை கடைசிவரை எஞ்சிய குழம்பிலேயே தங்கி, நீரோடு சேர்ந்து பாறைப் பிளவுகளில் புகுந்து உறைகின்றன. அப்படி உருவாகும் பெரும்படிகப் பாறையே பெக்மடைட்; அதில் லித்தியத்தைத் தாங்கும் முக்கியக் கனிமம் ஸ்போடுமீன்.

மண்டியா மாவட்டத்தில், ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்து மர்லகல்லா–அல்லாபட்னா பகுதியில் இத்தகைய பெக்மடைட்டுகள் உள்ளன. 2020இல் அங்கே 14,100 டன் லித்தியம் இருக்கலாம் என்ற மதிப்பீடு செய்திகளில் பரவியது. மறு ஆண்டே, அணுசக்தித் துறையின் கனிம ஆய்வுப் பிரிவு கண்டறிந்தது 1,600 டன் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதுவும் 'அனுமான வளம்' என்ற வகை: மேற்பரப்பு ஆய்வையும் சில துளைகளையும் மட்டும் வைத்துச் செய்த கணிப்பு. மின்கார் ஒன்றின் பேட்டரிக்குச் சுமார் 8 கிலோ லித்தியம் வேண்டும். 1,600 டன்னும் சேதாரமின்றித் தூய உலோகமாகக் கைக்கு வந்தாலும் 2 லட்சம் கார்களோடு தீர்ந்துவிடும். இந்தியாவில் ஓராண்டில் விற்கும் பயணியர் வாகனங்களோ 40 லட்சத்துக்கும் மேல்.

இருப்பு போதுமான அளவு இருந்தாலும் வேலை அங்கே முடிவதில்லை. தாதுப்பாறையில் லித்தியம் ஆக்சைடு பொதுவாக நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பாறையை அரைத்து, ஸ்போடுமீனைப் பிரித்துச் செறிவாக்கி, 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் வறுத்தால்தான் அதன் இறுகிய படிக அமைப்பு தளர்கிறது. பிறகு கந்தக அமிலத்தோடு சூடாக்கி, நீரில் கரைத்து, கார்பனேட்டாகவோ ஹைட்ராக்சைடாகவோ மாற்ற வேண்டும். எரிபொருளும் அமிலமும் கழிவுமாக இந்தக் கட்டமே செலவு மிக்கது. உலகிலேயே அதிக லித்தியம் தோண்டும் ஆஸ்திரேலியாகூடத் தன் செறிவாக்கிய தாதுவைப் பெரும்பாலும் சீனாவுக்கே அனுப்புகிறது. உலோகச் சந்தையின் பிடி சுரங்கத்தைவிட ஆலையில்தான் அதிகம் என்பதை இந்திய விவாதங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

இருப்பு வேறு, வரத்து வேறு என்பதற்கு ஜம்மு-காஷ்மீரின் ரியாசி இன்னொரு சான்று. 2023இல் அங்கு அறிவிக்கப்பட்ட 59 லட்சம் டன், தாதுவின் எடை, லித்தியத்தின் எடையன்று. ஏலத்துக்கு வந்தபோது போதிய நிறுவனங்கள் முன்வரவில்லை.

அணுக் கனிமப் பட்டியலில் இருந்தவரை லித்தியம் தனியாருக்கு எட்டாததாக இருந்தது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்திருத்தம் லித்தியம், பெரிலியம், டைட்டானியம், நியோபியம், டான்டலம், சிர்க்கோனியம் ஆகிய 6 கனிமங்களை அப்பட்டியலிலிருந்து விடுவித்தது. வெளிநாட்டுச் சுரங்கங்களுக்காக 2019இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான காபில், 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கடமார்க்கா மாகாணத்தில் 5 வட்டாரங்களில் 15,703 ஹெக்டேருக்கு உரிமை பெற்றது. அங்கே லித்தியம் உப்புநீரில் கரைந்திருக்கிறது. பாறையை உடைக்கவும் வறுக்கவும் தேவையில்லை.