கட்ச் புல்வெளியில் சீமைக்கருவேலம்

ஒரு தாவரம் தன் தாயகத்தை விட்டு வேற்று நாட்டில் குடியேறுவது புதுமையன்று. மிளகாய், நிலக்கடலை, உருளைக்கிழங்கு ஆகிய யாவும் கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்தவையே. இவை உழவனின் கைக்கு அடங்கி, நட்ட இடத்தில் மட்டும் வளர்கின்றன. வேறு சில தாவரங்களோ எல்லை மீறிப் பரவி, அந்நிலத்திற்கே உரிய செடிகொடிகளை ஒடுக்கிவிடுகின்றன. இவற்றை ஆக்கிரமிப்புத் தாவரங்கள் என்பர்.

இத்தகைய தாவரத்தின் வெற்றிக்கு அதன் இயல்பு மட்டுமே காரணமன்று. அது வந்து சேர்ந்த நிலத்தின் நீர், மண், காற்று, மேய்ச்சல் ஆகியவற்றில் நேர்ந்த மாறுதல்களும் காரணமாகின்றன. இவ்வுண்மையை விளக்குவதற்குக் குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்திலுள்ள பன்னிப் புல்வெளி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நிலத்தின் இயல்பு

பெரிய ரண் எனப்படும் உப்புப் பாலையின் தென் விளிம்பில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பன்னி அமைந்துள்ளது. ஆறுகள் கொணர்ந்த வண்டலால் உருவான சமவெளி இது. ஆண்டின் சராசரி மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டரே. அதுவும் ஓராண்டு பொழிந்து மறு ஆண்டு பொய்ப்பது வழக்கம். நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். எனினும், பெய்த மழைநீர் மண்ணில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். மால்தாரிகள் என்னும் மேய்ப்பர்கள் 'விர்தா' எனப்படும் ஆழமற்ற கிணறுகளைத் தோண்டி இந்நீரைப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

கொழுக்கட்டைப்புல் முதலிய பலவகைப் புற்கள் இங்கு மழைக்குப்பின் செழித்து வளர்ந்தன. அவற்றை நம்பியே காங்க்ரேஜ் இன மாடுகளும் எருமைகளும் வளர்க்கப்பட்டன. கருவேலம், உகா முதலிய மரங்கள் ஆங்காங்கே நின்றனவேயன்றிக் காடாக அடர்ந்திருக்கவில்லை.

நீர்வழி மாறியது

பண்டைக் காலத்தில் சிந்து நதியின் கிளையொன்று ரண் பகுதிக்கு நன்னீர் கொண்டு வந்தது. 1819ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள மேடு ஒன்று தரையினின்று எழுந்து, அந்நீர்வழியின் குறுக்கே நின்றது. மக்கள் அதனை 'அல்லா பந்த்', அதாவது இறைவன் கட்டிய அணை, என்று அழைத்தனர். பிற்காலத்தில், கட்சின் குன்றுகளில் பிறந்து வடக்கு நோக்கிப் பன்னிக்குப் பாய்ந்த சிற்றாறுகளின் குறுக்கே மனிதரும் அணைகள் கட்டினர். அணைகளால் மேட்டுநிலப் பயிர்கள் பயனடைந்தன. ஆனால் பன்னியின் உப்பை ஆண்டுதோறும் கழுவி வந்த வெள்ளம் குறைந்தது. வெள்ளம் குறையவே மண்ணில் உப்பு மிகுந்தது. உப்பைத் தாங்கமாட்டாத புற்கள் நலிந்தன.

மரத்தின் வருகை

உப்பு நிலம் பெருகுவதைத் தடுக்கும் நோக்குடன் 1961ஆம் ஆண்டில் வனத்துறையினர் இங்கு 30,000 எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் சீமைக்கருவேலத்தை விதைத்தனர். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இம்மரத்தின் தாயகம். 1877ஆம் ஆண்டளவில் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் இது முதலில் பயிரிடப்பட்டது. தமிழகத்தின் கண்மாய்க் கரைகளில் காணப்படுவதும் இம்மரமே. கட்ச் மக்கள் இதனை 'காண்டோ பாவள்', அதாவது பித்துப்பிடித்த கருவேலம், என்று வழங்குகின்றனர்.

அன்றைய நோக்கில் இத்தேர்வு பொருத்தமானதாகவே தோன்றியது. இம்மரம் உப்பையும் வறட்சியையும் தாங்கும். இதன் வேர்கள் ஆழ இறங்கி நீர் தேடும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தரும். ஆனால் எந்த மாறுதல் புல்லை நலியச் செய்ததோ, அதே மாறுதல் இம்மரத்திற்குப் போட்டியில்லாத களத்தை அமைத்துத் தந்தது. இன்று பன்னியின் பாதிக்கு மேற்பட்ட பரப்பை இது கவர்ந்துகொண்டுள்ளதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மதிப்பிட்டுள்ளனர்.

விதையின் பயணம்

சீமைக்கருவேலத்தின் காய் இனிப்பானது. வறட்சிக் காலத்தில் புல் கருகியபின்பும் இக்காய்கள் கிடைப்பதால் கால்நடைகள் விரும்பித் தின்கின்றன. விதையின் மேலுறை மிகக் கடினமானது. ஆகவே பல விதைகள் செரிமானமாகாமல் சாணத்துடன் வெளிப்படுகின்றன. வயிற்றின் அமிலம் மேலுறையைச் சற்றே இளக்குவதால், அவை முளைப்பது எளிதாகிறது. சாணமோ நாற்றங்காலாகவும் எருவாகவும் உதவுகிறது. இவ்வாறு, மந்தை செல்லும் வழியெல்லாம் மரமும் செல்கிறது.

வறண்ட ஆண்டில் விதை பரவுகிறது. அதையடுத்த மழையாண்டில் அது முளைத்து வேரூன்றுகிறது. அடர்ந்த புல் இருந்தால் இளங்கன்றுகளை நெருக்கி ஒடுக்கும். மிகை மேய்ச்சலால் புல் அருகிய இடத்தில் அத்தடையும் இல்லை. அண்மைப் பத்தாண்டுகளில் சௌராஷ்டிர-கட்ச் பகுதியில் கனமழை பெய்யும் நாட்கள் மிகுந்துள்ளன. வறட்சியும் பெருமழையும் மாறிமாறி வரும் நிலை, இத்தகைய தாவரத்திற்கு ஏற்றதேயாகும்.

காற்றின் மாறுதல்

கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு மாறுதலும் உண்டு. 1958ஆம் ஆண்டில் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. 2024இல் அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. தாவரங்கள் இவ்வாயுவைக் கொண்டே உணவு சமைக்கின்றன. ஆயினும் எல்லாத் தாவரங்களும் ஒரே முறையைக் கையாள்வதில்லை. வெப்ப நிலப் புற்களில் பல, கரியமில வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிப் பயன்படுத்தும் திறன் பெற்றவை. எனவே வாயு மிகுவதால் அவற்றின் உணவு உற்பத்தி பெரிதும் உயர்வதில்லை. சீமைக்கருவேலம் போன்ற மரங்களுக்கு இத்திறன் இல்லை. வாயு மிகுந்தால் அவற்றின் உற்பத்தியும் வளரும். ஆகவே இம்மாறுதல் புல்லைவிட மரத்திற்கே மிகுதியும் துணைபுரியக்கூடும். எனினும் நீரும் மண்ணும் மேய்ச்சலும் எவ்வாறுள்ளன என்பதைப் பொறுத்தே இறுதி விளைவு அமையும்.

மேய்ப்பர் வாழ்வு

புல் குறைந்ததன் விளைவு மால்தாரிகளின் மந்தைகளில் தெளிவாகத் தெரிகிறது. காய்களை மிகுதியாகத் தின்ற காங்க்ரேஜ் மாடுகள் நோயுற்றன. மேய்ப்பர்கள் படிப்படியாக எருமைகளை மிகுதியாக வளர்க்கத் தொடங்கினர். அவர்கள் பேணிய பன்னி எருமை 2010ஆம் ஆண்டில் தனி இனமாக ஏற்கப்பட்டது. மற்றொருபுறம், இம்மரத்தைச் சுட்டுக் கரியாக்கி விற்பது ஏழைக் குடும்பங்கள் பலவற்றிற்கு வருவாயாக அமைந்துவிட்டது. ஆகவே மரம் முழுவதும் தீங்கென்றோ முழுவதும் நன்மையென்றோ அங்குள்ளோர் ஒருமுகமாகக் கூறுவதில்லை. மந்தையை நம்பியவரின் இழப்பும், கரியை நம்பியவரின் ஊதியமும் ஒரே மரத்தில் பிணைந்துள்ளன.

செய்யத்தக்கவை

மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டுவதால் மட்டும் பயனில்லை. அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் கிளர்ந்து, முன்னிலும் அடர்ந்த புதராகிவிடும். வேருடன் அகற்றிய இடங்களில் புல் மீண்டும் தழைப்பதைப் பன்னியில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன. அகற்றிய பின்னரும் ஆண்டுதோறும் கன்றுகளைக் களைவதும், புல் வேரூன்றும் வரை மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவதும் இன்றியமையாதவை. காய் முற்றும் பருவத்தில் மந்தைகளை அடர்ந்த புதர்களினின்று விலக்கி வைத்தால், விதை புதிய இடங்களுக்குச் செல்வது குறையும். காய்களைச் சேகரித்து விதையுடன் மாவாக அரைத்துத் தீவனத்தில் அளவாகக் கலப்பதும் உண்டு. அரைபட்ட விதை முளைப்பதில்லை.

இவை யாவும் மரத்தைப் பற்றியவை. நிலத்தைப் பற்றியதும் ஒன்றுண்டு. ஆறுகளின் நன்னீர் ஓரளவேனும் புல்வெளியை எட்டினாலன்றி உப்பின் பெருக்கம் தணியாது. அது தணியாதவரை, ஒரு மரத்தை அகற்றினாலும் அதே வெற்றிடம் வேறொன்றை வரவேற்கக் காத்திருக்கும். உப்பைத் தடுக்க மரத்தைக் கொணர்ந்த காலத்தில் நீரின் வழியை எவரும் கணக்கிலெடுக்கவில்லை. இன்று மரத்தை அகற்ற முனைவோர் அதனைக் கணக்கிலெடுத்தல் வேண்டும்.